மச்சான்: ஓர் உறவுமுறைச் சொல்லின் சமூக வரலாறு

1

ஒரு மொழியில் வழங்கும் உறவுமுறைச் சொற்கள் அம்மொழி பேசும் மக்களின் சமூக அமைப்பை ஆராய்வோர்க்குப் பெரிதும் பயன்படும் சான்றுகளாகும். அரசுகள் மாறுகின்றன, சட்டங்கள் மாறுகின்றன, உற்பத்தி முறைகூட மாறுகின்றது. ஆயின் வீட்டு முற்றத்தில் ஒருவரையொருவர் விளிக்கும் சொற்கள் மிக மெதுவாகவே மாறுகின்றன. பழைய உறவுகளின் தடயங்களை அவை நெடுங்காலம் தம்முட் பொதித்து வைத்திருக்கின்றன. சில வேளைகளில் அச்சொற்களே புதிய உறவுகளின் வருகையை முன்கூட்டி அறிவிப்பனவாகவும் அமைகின்றன.

‘மச்சான்’ என்ற சொல் இத்தகையது. இன்று இலங்கைத் தமிழில் அது இரு நிலைகளில் வழங்குகின்றது. தாய்மாமன் மகன், தந்தையின் சகோதரியின் மகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன் ஆகியோரைக் குறிக்கும் திட்டவட்டமான முறைப்பெயர் என்பது ஒரு நிலை. பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் வேலைத்தலத்திலும் உறவு எதுவுமற்ற நண்பர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் பொதுவிளி என்பது மற்றொரு நிலை. இவ்விரண்டாம் நிலையில் அது தமிழின் எல்லையையும் கடந்து சிங்கள இளைஞரின் அன்றாடப் பேச்சிலும் ‘மச்சங்’ எனப் பரவியுள்ளது.

மணவுறவைச் சுட்டிய சொல் நட்பைச் சுட்டும் சொல்லாக விரிந்தது எவ்வாறு? சொல்லின் இவ்விரிவு சமூக உறவின் விரிவைக் காட்டுகின்றதா? இவ்விரு வினாக்களையும் வரலாற்று நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தமிழர் உறவுமுறையில் ஒரு தலைமுறையைச் சேர்ந்த ஆண்கள் இரு பெரும் பிரிவினராகின்றனர். தந்தையின் சகோதரரின் மக்களும் தாயின் சகோதரிகளின் மக்களும் உடன்பிறந்தாரேயாவர். அவர்கள் அண்ணன், தம்பி என அழைக்கப்படுவர். தாயின் சகோதரர், தந்தையின் சகோதரி ஆகியோரின் ஆண்மக்கள் மச்சான் முறையினராவர். முதற் பிரிவினருடன் மணம் விலக்கப்பட்டது. இரண்டாம் பிரிவு மணத்துக்கு உரியது. எனவே ஒருவன் மணம் செய்வதற்கு முன்னரே, பிறப்பினாலேயே, அவனுக்கு மச்சான்மார் இருக்கின்றனர். மணம் அவ்வுறவைப் புதிதாகத் தோற்றுவிப்பதில்லை. ஏற்கனவே உள்ள முறையைப் புதுப்பிக்கின்றது. மனைவியின் சகோதரனும் மாமன் மகனும் ஒரே சொல்லாற் சுட்டப்படுவதன் உட்பொருள் இதுவே.

இவ்வமைப்பு மேனாட்டு ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்த வரலாறு சுவையானது. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மோர்கன், தம் நாட்டின் செனெக்கா பழங்குடியினரின் உறவுமுறைச் சொற்களைத் தொகுத்தபோது, அவற்றின் அமைப்பு தமிழரின் அமைப்போடு வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதைக் கண்டார். தமிழ்ச் சொற்கள் தென்னிந்தியாவிற் பணிபுரிந்த ஸ்கடர் குடும்பத்து மிசனரிமாரின் வழியாக அவருக்குக் கிடைத்தன. அக்குடும்பத்தின் மூத்தவரான ஜோன் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியாற்றியவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. மோர்கனின் உறவுமுறை பற்றிய பெருநூல் 1871இல் வெளிவந்தது. அவருடைய ‘பண்டைய சமூகம்’ (1877) என்ற நூலை மார்க்ஸ் குறிப்பெடுத்துக் கற்றார். எங்கெல்ஸ் 1884இல் எழுதிய ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ தமிழரின் உறவுமுறையைச் செனெக்கா மக்களின் முறையோடு இணைத்துப் பேசுவது இதன் விளைவேயாகும்.

மோர்கன் கற்பித்த படிமுறைகள், குறிப்பாகக் குழுமணம் பற்றிய கருத்து, பிற்கால மானிடவியலாளராற் பெரும்பாலும் கைவிடப்பட்டன. மார்க்சிய ஆய்வாளர் இதனை ஏற்றுக்கொள்வதில் தயக்கம் காட்ட வேண்டியதில்லை. எங்கெல்சிடமிருந்து நாம் பெறுவது அந்தப் படிமுறை அட்டவணையன்று. குடும்ப அமைப்பைச் சொத்துறவின் வரலாற்றோடு இணைத்து நோக்கும் முறையே.

1953இல் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி டுமோன், திராவிட உறவுமுறைச் சொற்கள் மணவுறவின் வெளிப்பாடே என வாதிட்டு ஒரு முக்கிய கட்டுரை எழுதினார். இரத்த உறவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது போலவே இங்கு மணவுறவும் வழிவழியாகத் தொடர்கின்றது என்பது அவர் கருத்தின் சாரம். மச்சான் என்ற சொல்லின் உட்பொருளைத் தெளிவுபடுத்துவதில் இக்கருத்து பெரிதும் துணைபுரிகின்றது. ஆயின் இம்மணவுறவின் வழியே எது கைமாறுகின்றது, அது யாரை வெளியே நிறுத்துகின்றது என்ற வினாக்களுக்கு விடைகாண நாம் வரலாற்றுக்கே திரும்ப வேண்டும்.

3

பழந்தமிழ் நூல்களில் மணவுறவு கொடுத்தல், கொள்ளல் என்ற வினைகளாற் பேசப்படுகின்றது. தொல்காப்பியக் கற்பியலின் தொடக்கம், கொடுத்தற்குரிய மரபினர் கொடுக்கக் கொள்ளுதற்குரிய மரபினன் கொள்வதையே கற்பு என வரையறுக்கின்றது. இருபுறத்தும் ‘உரிமை’ வற்புறுத்தப்படுவது மனங்கொள்ளத்தக்கது. யாரும் யாருக்கும் கொடுத்தல் இங்கு இயலாது; உரியார் உரியார்க்கே கொடுப்பர். ‘கொண்டான் கொடுத்தான்’ என இன்றும் வழங்கும் தொடர் அக்கருத்தின் நீட்சியேயாகும்.

இதற்கு எதிர்நிலையாகக் களவொழுக்கம் பாடும் செய்யுட்கள் உள்ளன. குறுந்தொகையின் 40ஆம் செய்யுள், காதலர் இருவரின் தாயரும் தந்தையரும் முன்னர் எவ்வித உறவும் அற்றவர் என்பதை வினாக்களாக அடுக்கி, உறவின்றியும் இரு நெஞ்சங்கள் கலந்ததை வியக்கின்றது. காதலின் சிறப்பைப் பாடிய செய்யுளாகவே இது போற்றப்படுகின்றது. ஆயின் அவ்வியப்பின் சமூகப் பின்னணியையும் நாம் நோக்க வேண்டும். முன்னுறவு உள்ளோரிடையே மணம் நிகழ்வது வழக்கமாயிருந்த சமூகத்திலேயே உறவில்லாரின் இணைவு வியப்புக்குரியதாகும். அச்செய்யுள் முறையை மீறும் காதலைப் பாடுவதன் மூலமே முறையின் வலிமைக்கும் சான்றாகின்றது.

இடைக்காலத்தில் ‘மைத்துனன்’ என்ற வடிவம் இலக்கியத்தில் இடம்பெறுகின்றது. அதனை ‘மைதுனம்’ என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்துவோர் உளர். அதனை மறுப்போரும் உளர். சொற்பிறப்பு எதுவாயினும் பொருள் தெளிவானது. ஆண்டாள் தன் திருமணக் கனவைப் பாடுகையிற் கண்ணனை மைத்துனன் என்றே அழைக்கின்றாள். இறைவனை உரிமையோடு கைப்பற்ற விழையும் பெண்ணுக்கு அவ்வுரிமையை வழங்கும் சொல்லாக அது அமைகின்றது. பக்தி இயக்கம் இறைவனுக்கும் அடியாருக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைக்க முற்பட்டபோது, தூரமற்ற உறவின் சொல்லாக இம்முறைப்பெயரே கைகொடுத்தது.

அரச குலங்களில் மச்சான் உறவு அரசியல் ஆயுதமாயிற்று. முதலாம் இராசராசனின் மகள் குந்தவை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டாள். அவர்களின் மகன் இராசராச நரேந்திரன், தன் தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியை மணந்தான். அவ்விருவரின் மகன், தன் தாய்மாமனாகிய இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். அவனே 1070இல் முதலாம் குலோத்துங்கனாகச் சோழ அரியணை ஏறியவன். மூன்று தலைமுறைகளாகப் பெண் கொடுத்ததன் பயனாக வேங்கி சோழரின் செல்வாக்குக்கு உட்பட்டது. இறுதியில் அதே உறவின் வழி வேங்கி இளவரசன் சோழ நாட்டையே பெற்றான். மன்னர்க்கு நாடு எவ்வாறோ, உழவுக் குடிகளுக்கு நிலம் அவ்வாறே. நிலமும் நீரும் குலத்துக்கு வெளியே சிதறாமற் காக்கும் வேலியாக இம்மணமுறை தொழிற்பட்டது.

4

யாழ்ப்பாணச் சமூகத்தில் இவ்வுறவின் பொருளாதார உள்ளடக்கத்தை அறியத் தேசவழமை பெருந்துணையாகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இற் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியால் தொகுக்கப்பட்ட இவ்வழமைக்கு, ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் சட்ட வலு வழங்கினர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகைப்படுத்துவது அதன் அடிப்படையாகும்.

தேசவழமையின்படி மகன் மணம் செய்யும் வரை உழைத்துத் தேடுவது பெற்றோரின் பொதுச் சொத்தோடு சேர வேண்டும். பெண்களுக்குச் சீதனம் கொடுப்பது அப்பொதுச் சொத்திலிருந்தேயாகும். அதாவது, ஒருவன் தன் இளமைக் காலத்து உழைப்பை முதலில் தன் சகோதரியின் கணவனுக்காகவே செலவிடுகின்றான். தனக்குரியதை அவன் தன் மனைவியின் சகோதரனின் உழைப்பிலிருந்து பெறுகின்றான். மச்சான் என்ற சொல்லின் இரு முனைகளிலும் இவ்வாறு உழைப்பும் சொத்தும் கைமாறுகின்றன. இரு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ‘மாற்றுச் சம்பந்தம்’ இக்கணக்கை ஒரே பந்தலில் தீர்த்துக் கொள்ளும் வழியாகும்.

பிற்காலத்திற் காசுப் பொருளாதாரமும் அரசாங்க உத்தியோகமும் வளர, நிலத்தோடும் நகையோடும் ரொக்கமும் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ‘இனாம்’ என்றும் ‘டொனேசன்’ என்றும் கொடுக்கப்படும் தொகை, பல குடும்பங்களில் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாக மாறி மற்றொரு மச்சானைச் சென்றடைகின்றது. உறவின் சொல் பழையது. அதனுள் ஓடும் நாணயமோ புதியது.

இக்கொடுக்கல் வாங்கலிற் பெண்ணின் நிலை யாது? சீதனம் அவள் பெயரில் எழுதப்படுகின்றது. ஆயின் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தை உயிருடன் இருக்கையிற் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என விதித்தது. உடைமை அவளுடையது, ஆளுகை அவனுடையது. மச்சான் என்பது அடிப்படையில் இரு ஆண்களை இணைக்கும் சொல். அவர்களை இணைக்கும் பெண் அச்சொல்லினுள் மறைந்து நிற்கின்றாள்.

கிழக்கிலங்கையில் நிலைமை ஓரளவு வேறுபட்டது. மட்டக்களப்புப் பிரதேசத்திற் குடி தாய்வழி தொடர்கின்றது. மகளுக்கு வீடு கொடுக்கப்படுகின்றது. மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இவ்வழக்கங்களிற் பெரும்பகுதி பொதுவானது. அப்பிரதேசத்து நாட்டார் பாடல்களிற் பெண் தன் காதலனை மச்சான் என விளிப்பதும், அவ்விளி இரு சமூகத்தார் பாடல்களிலும் காணப்படுவதும் தற்செயலானவையல்ல. பெண்ணின் வாயில் அச்சொல் விருப்பத்தின் சொல்லாகவும் உரிமைக் குரலாகவும் ஒலிக்கின்றது. ஆண்டாளின் மைத்துனனும் கிழக்கின் வயல்வெளி மச்சானும் ஒரே மரபினரே.

5

இதுவரை கூறியவற்றால் மச்சான் என்பது சமமானோரிடை வழங்கும் சொல் என்பது பெறப்படும். இன்று கொடுத்தவன் நாளை கொள்பவனாகலாம். ஆயின் இச்சமத்துவம் வேலிக்கு உட்பட்ட சமத்துவம். சாதி என்ற வேலிக்குள்ளேயே கொடுத்தலும் கொள்ளலும் நிகழ்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உயர் சாதியினரை ‘நயினார்’, ‘நாச்சியார்’, ‘கமக்காரன்’ என விளிக்க வேண்டியிருந்தது. அவர்களோ வயது முதிர்ந்தவரெனினும் வெறும் பெயராலேயே அழைக்கப்பட்டனர். தேசவழமை அடிமைகளைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. அங்கு அவர்களின் மணமும் மக்களும் எசமானின் உரிமை பற்றிய விடயங்களாகவே வருகின்றன. 1844இற் சட்டப்படி அடிமை முறை ஒழிந்த பின்னரும் விளிச்சொற்களின் ஆட்சி நீடித்தது.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டை நாம் நோக்குதல் வேண்டும். உடன்பிறப்புச் சொற்கள் சாதி எல்லையை ஓரளவு எளிதிற் கடக்கின்றன. மேடையிற் பேசுவோர் எல்லோரையும் ‘சகோதர, சகோதரிகளே’ என்கின்றனர். அறிமுகமில்லாதவரையும் ‘அண்ணை’ என்றும் ‘அக்கா’ என்றும் அழைக்கின்றோம். மச்சான் என்ற சொல்லோ, அதன் முறைப்பொருளில், அவ்வாறு கடப்பதில்லை. காரணம் வெளிப்படையானது. சகோதரன் என்பது மணத்தை விலக்கும் சொல். அதனைச் சொல்வதால் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. மச்சான் என்பது மணத்தை அனுமதிக்கும் சொல். அதனை மெய்யாகச் சொல்பவன் தன் சகோதரியைக் கொடுக்கவும் அவன் சகோதரியைக் கொள்ளவும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். சாதிச் சமூகத்திற் சகோதரத்துவம் எளிது, சம்பந்தமே கடினமானது.

மணவுறவு நிகழ்ந்தும் சமத்துவம் தோன்றாத நிலையும் உண்டு. கேரளத்தில் நம்பூதிரிக் குடும்பங்களின் இளைய ஆண்கள் நாயர் பெண்களோடு கொண்ட உறவு ‘சம்பந்தம்’ என்றே அழைக்கப்பட்டது. அவ்வுறவிற் பிறந்த மக்கள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தனர். தந்தையின் இல்லத்தில் அவர்களுக்கு உரிமை இல்லை. அங்கு உறவு ஒருவழிப் பாதையாகவே இருந்தது. நாயர் ஆண் நம்பூதிரிப் பெண்ணை மணத்தல் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. ஆகவே சாதி எல்லையைக் கடந்து ஆணும் பெண்ணும் கூடுதல் மாத்திரம் சாதியை ஒழிப்பதில்லை. கொடுத்தலும் கொள்ளலும் இருவழியாக நிகழும்போதே மச்சான் என்ற சொல் உண்மையாகின்றது.

யாழ்ப்பாணத்தின் சாதி எதிர்ப்புப் போராட்டங்களை இந்நோக்கிற் பார்க்கையில் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் பாடசாலைகளிற் சம ஆசனமும் சமபோசனமும் கோரிக்கைகளாயின. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களிற் பாகுபாட்டைக் குற்றமாக்கியது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் தேநீர்க் கடைகளையும் கோயில்களையும் திறப்பதற்குப் பாடுபட்டன. அவ்வியக்கத்தில் முன்னின்ற கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவல் அக்காலத்தின் இலக்கிய ஆவணமாகும். உயிர்த் தியாகங்களினூடே பெறப்பட்ட இவ்வெற்றிகளின் பெறுமதியை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் ஆசனம், போசனம், ஆலயம் ஆகியவை வெகுசனக் கோரிக்கைகளான அளவுக்குச் சம்பந்தம் கோரிக்கையாகவில்லை. போராட்டக்காரர் ஒருவரையொருவர் ‘தோழர்’ என்றனர். அது மகத்தான சொல். ஆயின் தோழமை வீதியிற் பிறந்தது. வீட்டு வாசலில் பெரும்பாலும் நின்றுவிட்டது. முற்போக்காளரும் இச்சுயவிமரிசனத்துக்கு விலக்கானவரல்லர்.

அம்பேத்கர் 1936இலேயே ‘சாதி ஒழிப்பு’ என்ற தம் உரையில் இதனைத் தெளிவாகச் சுட்டினார். சேர்ந்து உண்பதால் மாத்திரம் சாதி ஒழியாது என்றும், இரத்தக் கலப்பின்றி உறவினர் என்ற உணர்வு தோன்றாது என்றும், ஆகவே கலப்பு மணமே மெய்யான மருந்து என்றும் அவர் வாதிட்டார். சகோதரத்துவத்தை நோக்கிய பாதை சம்பந்தத்தின் ஊடாகவே செல்கின்றது என்பது இதன் உட்கிடை.

6

இனி, நட்பின் சொல்லாக மச்சான் விரிந்த வரலாற்றுக்கு வருவோம். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், மத்திய மகா வித்தியாலயங்களின் வளர்ச்சியும், 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகமும் வெவ்வேறு ஊர்களையும் சாதிகளையும் சேர்ந்த இளைஞரை ஒரே வகுப்பறையிலும் விடுதியிலும் கொண்டுவந்து சேர்த்தன. அங்கு ஊர்ப் பெயரும் குடிப் பெயரும் பின்னடைய, வயதொத்தோரிடையே உரிமையும் கேலியும் நெருக்கமும் கலந்த ஒரு விளி தேவைப்பட்டது. அண்ணன், தம்பி என்பவற்றில் மூப்பும் இளமையும் உள்ளன, கட்டுப்பாடும் உள்ளது. மச்சான் உறவிலோ மரபாகவே கேலிக்கு இடமுண்டு. அதில் ஏற்றத்தாழ்வும் இல்லை. ஆகவே நண்பர்கள் அச்சொல்லைத் தெரிந்தெடுத்தது இயல்பே.

சிங்கள மொழியிலும் அது வேரூன்றியமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சிங்களம் இந்தோ ஆரிய மொழியெனினும் அதன் உறவுமுறை அமைப்பு திராவிட வகையைச் சார்ந்தது. ‘மஸ்ஸினா’ என்ற சிங்களச் சொல் மாமன் மகனையும் மைத்துனனையும் ஒருங்கே குறிக்கின்றது. நூர் யால்மன் 1967இல் வெளியிட்ட நூல் சிங்கள, தமிழ், முஸ்லிம் கிராமங்களின் உறவுமுறைகளை ஒருங்கு வைத்து ஆராய்ந்து இப்பொது அமைப்பை வெளிக்கொணர்ந்தது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தின் பின்னரும், 1983 தொடங்கி 2009 வரை நீடித்த போரின் போதும், இரு மொழியினரும் தத்தம் நண்பரை ஏறத்தாழ ஒரே சொல்லால் அழைத்து வந்தனர். இரு இனங்களும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை என்ற பேரினவாதக் கட்டுக்கதைக்கு அன்றாடப் பேச்சே அளிக்கும் மறுப்பு இது.

எனினும் சொல்லின் வெற்றியை உறவின் வெற்றியாகக் கொள்ளுதல் தவறாகும். விடுதியில் நான்கு ஆண்டுகள் ஒரே அறையில் மச்சான், மச்சான் என வாழ்ந்தோரின் வீடுகளிற் கலியாணப் பேச்சு எழும்போது முதல் வினா ‘ஆர் ஆக்கள்?’ என்பதாகவே இருக்கின்றது. பத்திரிகைகளின் மணமக்கள் தேவை விளம்பரங்களிற் சாதியும் சமயமும் இன்னும் அச்சேறுகின்றன. சொல் வேலியைத் தாண்டியது. சீதனக் காணி தாண்டவில்லை. பொதுவிளியாக மாறியபோது மச்சான் என்ற சொல் தன் கடப்பாட்டை உதறிவிட்டது என்றே கூறல் வேண்டும். உறவின் உரிமை மட்டும் எஞ்சியது. கொடுத்தலும் கொள்ளலும் கழன்றன. ‘மச்சாள்’ என்ற பெண்பாற் சொல் அந்த அளவுக்குப் பொதுவிளியாக விரியாமையும் கவனித்தற்குரியது. ஆண்களின் நட்பு சாதியைச் சொல்லளவில் மறக்கலாம். பெண்ணைப் பற்றிய பேச்சு வந்தவுடன் அம்மறதி கலைந்துவிடுகின்றது. சாதியின் காவல் பெண்ணின் மணத்திலேயே நிலைகொண்டுள்ளது என்பதற்கு இச்சொல் வழக்கே சான்றாகும்.

ஆயினும் மொழியின் இவ்விரிவு பயனற்றதன்று. பழைய முறையில் மச்சான் பிறப்பால் விதிக்கப்பட்டவன். புதிய வழக்கில் அவன் தெரிந்தெடுக்கப்பட்டவன். பிறப்பை விடத் தெரிவே உறவுக்கு அடிப்படையாகலாம் என்பதை அச்சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இளைஞனும், தான் அறியாமலே, ஒப்புக்கொள்கின்றான். அவ்வொப்புதலை மொழி தானாக நிறைவேற்றிவிடாது. நிலமும் சீதனமும் பெண்ணின் உரிமையும் பற்றிய உறவுகள் மாறும் அளவுக்கே அது நிறைவேறும். நண்பனை மச்சான் என அழைத்தவன், அவன் உண்மையாகவே தன் மச்சானாக விரும்பும் நாளில் என்ன விடை கூறுகின்றான் என்பதைக் கொண்டே இச்சொல்லின் அடுத்த கட்ட வரலாறு எழுதப்படும்.